“கையெழுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடட்டுமா?”

கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 43. அந்த நிறுவனத்தில் 11 வருடம். சேர்ந்த முதல் வாரம் புதியவர்கள் இருபது பேரை ஓர் அறையில் உட்காரவைத்து நிறுவனர் பேசியிருக்கிறார். “பயனாளரைவிட ஏதோ ஓர் எண் நமக்குப் பெரிதாகிவிட்டது என்று எப்போது தோன்றினாலும் எழுந்து நின்று என்னிடம் சொல்லுங்கள்” என்றாராம். அந்த வரியை எழுதிவைத்த நோட்டு இன்னும் இவரிடம் இருக்கிறது. இரண்டு முறை வெளியிலிருந்து அதிகச் சம்பளத்துக்கு அழைப்பு வந்தும் போகவில்லை.

இப்போது எட்டுப் பேர் கொண்ட பாதுகாப்புச் சோதனைக் குழு ஒன்றுக்கு இவர் மேனேஜர். ஒரு ஏஐ உதவியாளர் வெளியீட்டுக்கு முன்னால் ஆறு வாரம் நடக்கவேண்டிய சோதனையைப் பத்து நாளில் முடிக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளிலேயே சிறுவர்களின் கணக்குகளில் ஆபத்தான பதில்கள் வருவதைக் குழு கண்டுபிடித்தது. அதைப் பேசக் கூடிய கூட்டத்தில் அதே நிறுவனர் கேட்டது ஒரே கேள்வி: “இந்தத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்வது யார்? எனக்குப் பெயர் வேண்டும்.” இவருடைய மேலதிகாரி கையைத் தூக்கினார், மூன்று மாதத்தில் அவர் அங்கே இல்லை. இவர் கையைத் தூக்கவில்லை. தயாரிப்பு சொன்ன தேதியில் வந்தது. அடுத்த காலாண்டு முதலீட்டாளர் அழைப்பில் (காலாண்டுக் கணக்கை முதலீட்டாளர்களுக்குச் சொல்லும் தொலைபேசிக் கூட்டம்), திட்டமிட்ட எல்லாப் பாதுகாப்புச் சோதனைகளையும் முழுமையாக முடித்த பிறகே வெளியிட்டோம் என்று நிறுவனர் சொன்னதை இவர் தன் மேசையில் உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறார்.

இப்போது ‘விருப்ப விலகல்’ திட்டம் ஒன்றைப் பலருக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது மாதச் சம்பளம், யோசிக்க 45 நாள். அதில் 19 நாள் போய்விட்டது. நிறுவனத்தையும் தலைமையையும் பற்றி எதிர்மறையாக எதுவும் பேசக்கூடாது என்பது நிபந்தனை. இவர் இருப்பது எச்1பி விசாவில், கிரீன் கார்டு வரிசையில். துணைவரின் வேலை அனுமதியும் அதில்தான் தொங்குகிறது. இதற்கிடையில் 14 கோப்புகளைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்திருக்கிறார், ஒரு செய்தியாளரின் எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறார். “கையெழுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடட்டுமா, இல்லை எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடட்டுமா? அவர் ஏன் இப்படி மாறினார்? என் குழுவில் இருக்கும் எட்டுப் பேருக்கு நான் என்ன சொல்வது?” என்று முடித்திருக்கிறார்.

நண்பரே,

உங்கள் ஏழு பக்கத்தில் ஐந்து பக்கம் அந்த மனிதரைப் பற்றியே இருக்கிறது. அன்றைக்கு அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி பேசியது வரை நினைவு வைத்திருக்கிறீர்கள். முதலீட்டாளர்களிடம் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், சட்டத்தின் கண்ணுக்கு இந்தக் கடிதத்திலேயே கனமான விஷயம் அதுதான், ஆறாவது பக்கத்தில் நான்கு வரியில் வந்து போய்விடுகிறது. நான் ஊழியர்கள் தரப்பில் வழக்காடுகிறவன். இந்த மாதிரி வருகிற பலரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்: நம்பியவர் கைவிட்ட வலி அவ்வளவு பெரிதாக இருக்கிறது, கண்ணால் பார்த்த தவறு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

அந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. பதினோரு வருடம் என்பது ஒருவருடைய வாழ்க்கையில் நல்ல பகுதி. ஆனால் அதற்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது. ஒரு தலைவர் சொன்ன சொல்லை மறந்துவிட்டார், ஆணவமாகிவிட்டார், நல்லவர்களை ஒதுக்கினார் என்பதெல்லாம் எந்த நீதிமன்றத்திலும் குற்றம் ஆகாது. முதலீட்டாளர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் நடக்காத சோதனையை நடந்ததாகச் சொல்வது குற்றம் ஆகலாம். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால்தான் அடுத்த 26 நாளில் நீங்கள் எடுக்கிற முடிவு உங்களைக் காப்பாற்றும். முதலாவதை நெருங்கிய ஒருவரிடமோ ஒரு மனநல ஆலோசகரிடமோ கொட்டித் தீருங்கள். இரண்டாவதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.

அவர் மாறினாரா என்று கேட்டீர்கள். மாறியிருக்கலாம், அவருடைய மனத்துக்குள் எனக்கு எட்டாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று, அவர் மாறினாலும் அவரைத் தடுக்க யாருமில்லாதபடிதான் இந்த நிறுவனங்களில் பல கட்டப்பட்டிருக்கின்றன. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டில் அதன் நிறுவனர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரிடமும் இருக்கிற சிறப்புப் பங்கு ஒன்றுக்குப் பத்து ஓட்டு. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவிலும் அதே ஏற்பாடு, பாதிக்கு மேல் ஓட்டு மார்க் ஸக்கர்பெர்க் கையில். “இயக்குநர் குழுவுக்குத் தெரிந்தால் சும்மா இருக்கமாட்டார்கள்” என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயில் 2023 நவம்பர் 17-ஆம் தேதி இயக்குநர் குழு தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மேனை நீக்கியது. ஐந்தே நாளில் அவர் திரும்பி வந்துவிட்டார், நீக்கியவர்களில் பெரும்பாலோர் குழுவிலிருந்து போனார்கள். அவரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஏறக்குறைய 770 ஊழியர்களில் 700 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. இயக்குநர் குழுவுக்கு எழுதவேண்டாம் என்றும் சொல்லவில்லை, எழுதினால் அதற்கு வேறொரு பயன் இருக்கிறது, கீழே சொல்கிறேன். அவர்கள் வந்து சரிசெய்வார்கள் என்று காத்திருக்கவேண்டாம், அவ்வளவுதான்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சில இடங்களில் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தவறு, அவற்றைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

கையெழுத்துப் போட்டால் வாய்ப்பூட்டா?

நீங்கள் கேட்டதே ‘கையெழுத்தா, பேச்சா’ என்றுதான். அது இரண்டில் ஒன்று என்கிற கேள்வியே இல்லை. நீங்கள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும், அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி.யிடம் போய்ச் சொல்வதை அது தடுக்கமுடியாது. 21எஃப்-17 என்கிற விதி அதற்காகவே இருக்கிறது. உள் விசாரணையில் பேசியதை அனுமதியில்லாமல் வெளியே சொன்னால் வேலை போகும் என்று ஊழியர்களிடம் எழுதி வாங்கிய கேபிஆர் நிறுவனத்துக்கு 2015-இல் 1,30,000 டாலர் அபராதம் போட்டார்கள். யாரையும் அது உண்மையிலேயே தடுத்ததாக நிரூபிக்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை, அந்த வாசகம் இருந்ததே போதுமானதாக இருந்தது. வேலையில் சேரும்போது போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்கும் (என்.டி.ஏ.) இதே கதைதான். 2016-இல் வந்த வணிக ரகசியப் பாதுகாப்புச் சட்டம், சட்டமீறல் என்று சந்தேகிக்கிற ஒன்றைப் புகார் செய்வதற்காக மட்டும் ஓர் அரசு அதிகாரியிடமோ உங்கள் வழக்கறிஞரிடமோ ரகசியமாகச் சொல்வதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது.

ஆக, கையெழுத்துப் போட்டால் உங்கள் வாய் பூட்டப்படுவது செய்தியாளரிடமும் பொதுவெளியிலும்தான். ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் போகிற கதவு திறந்தே இருக்கும்.

ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கவேண்டும். “எந்த அமைப்பிடமும் நான் புகார் கொடுக்கவில்லை” என்றோ, “சட்டமீறல் எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை” என்றோ நீங்கள் உறுதிசொல்வதாக ஒரு வரி உள்ளே இருக்கும். உங்கள் விஷயத்தில் இந்த இரண்டாவது வரி பொய்யாகிவிடும். அப்படிப்பட்ட வரிகளையே எஸ்.இ.சி. தண்டித்திருக்கிறது, புகார் கொடுக்கவில்லை என்று உறுதி வாங்கிய சிபிஆர்இ நிறுவனத்துக்கு 2023-இல் 3,75,000 டாலர் அபராதம். வழக்கறிஞர் கேட்டால் அந்த வரியை எடுத்துவிடவோ மாற்றவோ வாய்ப்பு அதிகம். கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. அச்சடித்துக் கொடுத்த காகிதம் என்பதால் அது கல்வெட்டு இல்லை. ஓபன்ஏஐயிலிருந்து விலகியவர்கள் நிறுவனத்தைக் குறைகூறமாட்டோம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் ஏற்கெனவே சம்பாதித்த பங்கே பறிபோகலாம் என்ற நிலை இருந்தது. டேனியல் கோகோடாய்லோ என்பவர் கையெழுத்துப் போடாமல், அந்தப் பங்கு போனாலும் பரவாயில்லை என்று வெளியே வந்தார். 2024 மே மாதம் இது வெளியே தெரிந்ததும் நிறுவனமே அந்த நிபந்தனையைக் கைவிட்டது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் வெஸ்ட் ஆன, அதாவது ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமாகிவிட்ட, பங்குகளில் கைவைக்கவில்லை போலத் தெரிகிறது. அதையும் வழக்கறிஞரை உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

“தவறை அம்பலப்படுத்தும் விசில்ப்ளோயர் என்றால் வேலையைவிட்டு எடுக்கமுடியாதே?”

எடுக்கமுடியும், எடுக்கிறார்கள். சட்டம் செய்வது, எடுத்த பிறகு நீங்கள் வழக்குப் போட வழிசெய்வது. அதிலும் நீங்கள் மனத்துக்குள் கொதித்ததைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. நீங்கள் யாரிடமாவது சொல்லியிருக்கவேண்டும், அதற்காகத்தான் பழிவாங்கினார்கள் என்று காட்டவேண்டும். கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். நடைபாதையில் பேசியதும் உங்கள் மேலதிகாரியிடம் புலம்பியதும் இருக்கிறது, எழுத்தில் ஒன்றுமே இல்லை. கையைத் தூக்காததற்காக உங்களையே நீங்கள் தின்றுகொண்டிருக்கிறீர்கள், அந்த அறையில் அந்தக் கேள்விக்குப் பிறகு யார்தான் எளிதாகத் தூக்குவார்கள்? அதை விடுங்கள். எழுத்தில் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.

பங்குச்சந்தையில் இருக்கிற நிறுவனம் என்பதால் 2002-ஆம் வருடத்து சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் உங்களுக்குப் பொருந்தும். அதன்படி முதலீட்டாளர்களை ஏமாற்றுவதாக நியாயமாக நம்பி, மேலதிகாரியிடமோ விசாரிக்கும் பொறுப்பில் இருப்பவரிடமோ சொல்வதே பாதுகாக்கப்பட்ட செயல்தான். பழிவாங்கினால் 180 நாளுக்குள் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கவேண்டும். 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தின் பாதுகாப்பு இன்னும் பலமானது, ஆனால் எஸ்.இ.சி.யிடம் முன்பே சொல்லியிருந்தால்தான் அது கிடைக்கும் என்று 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உள்ளுக்குள் மட்டும் சொல்லிவிட்டு நம்பியிருந்தவர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 1102.5-ஆம் பிரிவும் உங்களுக்கு உண்டு. 2024 ஜனவரி முதல், நீங்கள் புகார் சொன்னதிலிருந்து 90 நாளுக்குள் உங்கள்மேல் நடவடிக்கை எடுத்தால் அது பழிவாங்கல்தான் என்று முதற்கட்டத்தில் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று காட்டவேண்டியது நிறுவனத்தின் பாடு. இயக்குநர் குழுவின் தணிக்கைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதுவதன் பயன் இதுதான். அவர்கள் ஏதாவது செய்தாலும் செய்யாவிட்டாலும் நீங்கள் எந்தத் தேதியில் என்ன சொன்னீர்கள் என்பது பதிவாகிவிடும்.

ஏஐ நிறுவனங்களுக்கென்று கலிஃபோர்னியா 2025-இல் நிறைவேற்றிய எஸ்பி 53 சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது 2026 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஊழியர் பாதுகாப்பும் அதில் இருக்கிறது. ஆனால் அது முக்கியமாகப் பார்ப்பது ஐம்பது பேருக்கு மேல் உயிரிழப்போ படுகாயமோ, நூறு கோடி டாலருக்கு மேல் சேதமோ வரக்கூடிய பேராபத்துகளை. உங்கள் குழு கண்டுபிடித்தது அந்த வரையறைக்குள் வருமா என்பது சந்தேகம்தான், அதை மட்டும் நம்பி இறங்கவேண்டாம்.

குழுவாகச் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதலாமா என்றும் யோசித்திருக்கிறீர்கள். 2018 நவம்பர் 1-ஆம் தேதி கூகுளில் சுமார் 20,000 பேர் வேலையைவிட்டு வெளியே வந்து நின்றார்கள், அதன் பலனாக ஊழியர்கள் நீதிமன்றத்துக்குப் பதில் கட்டாயமாக நடுவர் மன்றத்துக்குப் போகவேண்டும் என்ற விதி அடுத்த வருடம் போனது. கூட்டாக நிற்பதற்கு அந்த வலிமை உண்டு. ஆனால் அப்படி நிற்பவர்களைக் காக்கிற 1935-ஆம் வருடத்து தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் மேற்பார்வையாளர்களுக்குப் பொருந்தாது. எட்டுப் பேரின் மதிப்பீட்டை எழுதுகிற நீங்கள் அதற்குள் வரமாட்டீர்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. வெற்றி நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அதே 2018-இல் ராணுவத்துக்கான மேவன் திட்டத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான ஊழியர்கள் கையெழுத்திட்ட பிறகு, ஆயுதங்களுக்கு ஏஐ செய்யமாட்டோம் என்று கூகுள் எழுதிவைத்தது. 2025 பிப்ரவரியில் அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டார்கள்.

அந்த 14 கோப்புகள்

எனக்கு உண்மையாகவே கவலையாக இருப்பது இதுதான். நிறுவனத்தின் கணினியிலிருந்து வெளி மின்னஞ்சலுக்குப் போன ஒவ்வொன்றும் அங்கே பதிவாகியிருக்கும். இன்றைக்கு யாரும் பார்க்காமல் இருக்கலாம், நீங்கள் வாயைத் திறந்த மறுநாள் முதலில் பார்ப்பது அதைத்தான். 1995-இல் ஒரு செய்தித்தாள் நிறுவன ஊழியரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ரகசிய ஆவணங்களைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவர். அவரை நீக்கியது பாரபட்சம் என்ற வழக்கு அதனால் விழுந்துவிடாது என்று சொன்ன நீதிமன்றம், அந்தப் பிரதிகளைக் காரணமாக வைத்து அவருக்குக் கிடைக்கக்கூடிய இழப்பீட்டைக் குறுக்கிவிட்டது. தன் பாதுகாப்புக்கு என்று எடுத்ததே எதிராளி கையில் கருவியாகிவிட்டது.

அதனால் இனி ஒரு கோப்பையும் அனுப்பாதீர்கள், செல்போனில் திரையைப் படம் எடுக்கவும் வேண்டாம். அனுப்பியதை அழிக்கவும் கூடாது, இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வரியைப் படித்ததும் கை முதலில் அழிக்கத்தான் போகும். அழித்தால் சாட்சியத்தை அழித்தார் என்று ஆகும். அப்படியே வைத்து, திறக்காமல், யாருக்கும் அனுப்பாமல், வழக்கறிஞரிடம் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். கூட்டங்களை ரகசியமாக ஒலிப்பதிவு செய்யும் எண்ணமும் இருந்தால் விட்டுவிடுங்கள், கலிஃபோர்னியாவில் ரகசிய உரையாடலை எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வதே குற்றம்.

உங்களால் தாராளமாகச் செய்யக்கூடியது, உங்கள் நினைவை எழுதிவைப்பது. அலுவலக லேப்டாப்பில் வேண்டாம், சொந்தக் காகிதத்தில், மேலே ‘என் வழக்கறிஞருக்காக’ என்று போட்டு எழுதுங்கள். எந்தத் தேதி, யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள். நீங்கள் பார்த்தது, பிறர் சொல்லக் கேட்டது, நீங்கள் ஊகிப்பது என்று மூன்றையும் கலக்காமல். நிறுவனர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு உங்களுக்கு எந்தக் கோப்பும் தேவையில்லை, முதலீட்டாளர் அழைப்பு பொதுவெளியில் இருக்கிறது. ஆறு வாரத் திட்டத்துக்கும் பத்து நாள் சோதனைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஆவணத்தில் தேடவேண்டும் என்று நீங்கள் சொன்னால் போதும், கேட்டு வாங்குகிற அதிகாரம் எஸ்.இ.சி.க்கு இருக்கிறது.

ஹெச்.ஆரும் நிறுவனத்தின் சட்டத் துறையும்

இரண்டு வரிதான் இதற்கு. உள் விசாரணை என்று கூப்பிட்டால் எதிரில் உட்காரும் வழக்கறிஞர் உங்களுடையவர் கிடையாது, அவருடைய கட்சிக்காரர் நிறுவனம், அதை அவரே ஆரம்பத்தில் சொல்வார், கவனமாகக் கேளுங்கள். அப்புறம், எந்த மின்னஞ்சலிலும் “இப்படிச் செய்யாவிட்டால் நான் போகிறேன்” என்று எழுதாதீர்கள். 2020 டிசம்பரில் ஏஐ நெறிமுறை ஆய்வாளர் டிம்னிட் கெப்ரு கூகுளில் சில நிபந்தனைகளை வைத்து, நடக்காவிட்டால் விலகும் தேதியைப் பேசலாம் என்று எழுதியபோது, நிறுவனம் அதையே ராஜினாமா என்று எடுத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டது. என்னை வேலையைவிட்டு நீக்கினார்கள் என்பது அவருடைய வாதம்.

செய்தியாளரின் எண்

பத்திரிகைகள் செய்த நல்லதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மேலே சொன்ன பாதுகாப்புகள் எதுவும் செய்தியாளரிடம் பேசுவதற்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. உங்கள் மனத்தில் இருக்கும் உதாரணம் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்த ஃபிரான்சிஸ் ஹாகன், இரண்டு இடத்தில் அவர் பெயரை எழுதியிருக்கிறீர்கள். 2021 அக்டோபரில் தொலைக்காட்சியில் முகம் காட்டி, இரண்டே நாளில் செனட் குழு முன்னால் சாட்சி சொன்னதைத்தான் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன்பே அவர் நிறுவனத்தைவிட்டு வந்துவிட்டார், பின்னால் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், எஸ்.இ.சி.யிடம் புகார்கள் போயிருந்தன. அவருடைய துணிச்சலோடு அந்த வரிசையையும் பாருங்கள். உங்களிடம் இன்றைக்கு அந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லை, விசா வேறு அவர்கள் கையில். இப்போதைக்கு அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள்.

எஸ்.இ.சி.யிடம் வழக்கறிஞர் மூலமாகப் போனால் உங்கள் பெயரைச் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். அபராதம் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனால் அதில் 10 முதல் 30 சதவீதம் வரை தகவல் தந்தவருக்கு வெகுமதி உண்டு, வாங்கும்போது மட்டும் அடையாளத்தை எஸ்.இ.சி.யிடம் காட்டவேண்டும். அந்தப் பணத்தை நம்பி வீட்டுக் கணக்குப் போடவேண்டாம், பெரும்பாலான புகார்களுக்கு எதுவும் வருவதில்லை, வந்தாலும் பல வருடம் ஆகும்.

விசா, பணம், தேதி

சட்டத்தில் உங்களுக்கு இருக்கிற உரிமைகளைப் பற்றி இவ்வளவு சொன்னேன். அந்த உரிமைகள் வருடக்கணக்கில் நகர்கிறவை. உங்கள் விசா நாள்கணக்கில் நகர்கிறது. எச்1பியில் இருப்பவருக்கு வேலை முடிந்தால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள், நாட்டில் தங்க அனுமதித்த தேதியைக் காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். மூன்று வருடம் கழித்து வேலையைத் திரும்பக் கொடு என்று தீர்ப்பு வந்தாலும், அதற்குள் நாட்டைவிட்டே போயிருந்தால் என்ன பயன்? என்னிடம் வந்த ஒருவர் ஒரு கூட்டம் முடிந்த கோபத்தில் நள்ளிரவில் ராஜினாமாவை அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் எனக்கு போன் செய்தார். அவர் பக்கம் முழு நியாயம் இருந்தது. 60 நாளில் வேலை கிடைக்கவில்லை, குடும்பத்தோடு கிளம்பினார். வழக்கைத் தொடர அவருக்குத் தெம்பே இல்லாமல் போய்விட்டது.

உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்து 180 நாளுக்கு மேல் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் பொதுவாக உங்கள் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடம், போகாது, புதிய நிறுவனம் மூலம் எச்1பி நீட்டிப்பும் கேட்கலாம். “கிரீன் கார்டுக்காகக் காத்திருந்த அத்தனை வருடமும் வீண்” என்கிற பயத்தை விடுங்கள். புதிய நிறுவனம் மனு தாக்கல் செய்ததுமே அங்கே வேலையைத் தொடங்கமுடியும். ஆகவே ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது கூடுதலாக ஒரு மாதச் சம்பளம் கேட்பதைவிட, வேலையில் இருக்கும் கடைசி நாளை இரண்டு மூன்று மாதம் தள்ளிவைக்கக் கேளுங்கள், ஊதியத்தோடு. உங்களுக்குப் பணத்தைவிடத் தேதிதான் பெரிது. வேலையே செய்யாமல் பட்டியலில் மட்டும் இருக்கும் காலத்தைக் குடிவரவுத் துறை எப்படிப் பார்க்கும் என்பதில் சிக்கல் உண்டு, அதனால் ஒரு குடிவரவு வழக்கறிஞரையும் பார்த்துவிட்டே கேளுங்கள். துணைவரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். கோப்புகளைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள், அவருடைய வேலையும் இதில்தான் இருக்கிறது, இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

யாரும் அவசரப்படுத்தினால் மசியாதீர்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் குழுவாகக் கொடுக்கிற விலகல் திட்டத்தில் 45 நாள் அவகாசம் சட்டப்படி உங்களுடையது, கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரமே ஊழியர் தரப்பு வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பேன், எஸ்.இ.சி. புகார்களில் பழக்கமுள்ளவராக. புகாரை அவர் மூலம் கையெழுத்துக்கு முன்பே போட்டுவிடப் பார்ப்பேன், தணிக்கைக் கமிட்டிக்கு எழுதவேண்டுமா எப்போது என்பதை அவரிடம் விட்டுவிடுவேன். அதே நேரத்தில் வேலை தேட ஆரம்பிப்பேன். ஒப்பந்தத்தைத் திருத்தி வாங்கமுடிந்தால் கையெழுத்துப் போடுவேன். நிறுவனத்தின் பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள்மேலேயே புகார் கொடுப்பது துரோகம் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அந்த வார்த்தையைக் கடிதத்தில் நான்கு முறை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது மாதச் சம்பளம் 11 வருட உழைப்புக்குப் பிறகு நீங்கள் சில உரிமைகளை விட்டுக்கொடுப்பதற்கு அவர்கள் தருகிற விலை. பொய்யை மறைப்பதற்கான விலையாக அதைக் கொடுக்க அவர்களுக்கும் உரிமையில்லை, வாங்க உங்களுக்கும் இல்லை. எழுந்து நின்று சொல் என்று உங்களிடம் சொன்னவர் அவர். அதைச் செய்ய இவ்வளவு தாமதம் ஆனதற்கு உங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த எட்டுப் பேர்

இதைக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள், எனக்கு அதுதான் பிடித்திருந்தது. நீங்கள் செய்யப்போகிற எதையும் அவர்களிடம் சொல்லாதீர்கள். அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் ஒரு வரி ஆதங்கமாகப் போட்டால்கூட நாளைக்கு அவர்களையும் விசாரணைக்கு இழுப்பார்கள், அவர்களில் மூன்று பேர் உங்களைப் போலவே விசாவில் இருக்கிறார்கள். அவர்கள் எதிர்காலத்தை அவர்களே முடிவு செய்யட்டும், உங்கள் துக்கத்தை அவர்கள் தோளில் ஏற்றவேண்டாம். ஆனால் மேனேஜராக நீங்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. சோதனை அறிக்கையின் இறுதி வடிவம் இன்னும் மூடப்படவில்லை, முதல் பெயராக குழுவிலேயே சின்னவரின் பெயர் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நிறுவனத்தின் அமைப்பிலேயே, உங்கள் வேலையின் பகுதியாக, அதை முடியுங்கள். பத்து நாள் நடந்தது என்றால் பத்து நாள் என்று இருக்கட்டும், நடந்த சோதனைகளும் நடக்காத சோதனைகளும் வரிசையாக இருக்கட்டும், உணர்ச்சியாக ஒரு சொல்கூட வேண்டாம். யார் சொன்னது என்று மறுபடியும் யாராவது பெயர் கேட்டால், முதலில் கண்ணில் படுவது உங்கள் பெயராக இருக்கும்படி அந்த வரிசையை மாற்றிவிட்டு வாருங்கள்.